முதல் வேலை: மெடிக்கல் வார்டா, ஐசியூவா?

நர்சிங் முடித்த கையோடு சென்னையில் வேலை தேடும் பிள்ளைகள் பலருக்கு ஐசியூ என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. வார்டு சுலபம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வார்டில் ஒரே ஆள் பல படுக்கைகளைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட ஓடும்போது ஒரு டிரிப் நின்றுவிடும், டிஸ்சார்ஜ் எப்போது என்று உறவினர் வந்து நிற்பார். எதை முதலில் செய்வது என்பது அங்கேதான் கைவரும். ஆனால் நடுராத்திரியில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், பெரும்பாலும் மானிட்டர் இருக்காது. கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் கண்தான்.

ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நெறி. மணிக்கொரு தரம் பிபி, சிறுநீர் அளவு எழுத வேண்டும். பிபி இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடும் சிரிஞ்ச் தீரும் முன்பே அடுத்தது தயாராக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பிபி சரிந்துவிடும். பயம்தான். ஆனால் டியூட்டி டாக்டரும் சீனியர் சிஸ்டரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள்.

அதனால் இன்டர்வியூவில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: எத்தனை வாரம் சீனியரோடு டியூட்டி போடுவீர்கள்? தெளிவான பதில் வந்தால் ஐசியூவுக்குத் துணிந்து போகலாம். மழுப்பினால் வார்டிலேயே சேருங்கள், அப்புறம் மாற்றல் கேட்கலாம்.