ஃபிலாய்ட்ஸ் கட்டி: கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, மார்பகத்தையே எடுக்க வேண்டுமா?

மார்பகக் கட்டிக்கான அறுவை சிகிச்சை என்று இணையத்தில் தேடினால் வருவதில் பெரும்பகுதி வழக்கமான மார்பகப் புற்றுநோய் பற்றியது. ஃபிலாய்ட்ஸ் வந்தவர்கள் அதைப் படித்துக் குழம்புவதுதான் மிச்சம். மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இது இருக்காது. பால் குழாய்களின் செல்களில் தொடங்கும் புற்றுநோய் வேறு, இது வேறு. இதில் கட்டுமீறி வளர்வது அந்தக் குழாய்களைச் சுற்றியிருக்கும் இணைப்புத் திசு. அதனால் ஹார்மோன் மாத்திரைக்கு இங்கே வேலை இல்லை, கீமோவால் பெரிய பலன் கிடைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எல்லாம் கத்தியை நம்பித்தான், அந்தக் கத்தி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்தான் சண்டையே.

மூன்று வழிகள் இருக்கின்றன. கட்டியை மட்டும் எடுப்பது, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல சதையையும் சேர்த்து எடுப்பது, மார்பகத்தை முழுவதுமாக எடுப்பது. எது சரி என்பதற்கு முன்னால் கட்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். தீங்கற்றது, இடைப்பட்டது, புற்றுநோய்த் தன்மை உள்ளது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள், பெரும்பாலானவை தீங்கற்றவைதான். 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளில் இருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கட்டி அதே மார்பில் திரும்பி வந்தது தீங்கற்ற வகையில் 8 சதவீதம், இடைப்பட்டதில் 13, புற்றுநோய் வகையில் 18. அதாவது மோசமான வகையிலும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பவில்லை.

சரி, முதல் வழி. இதை யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுப்பது குறைவு, பெரும்பாலும் தானாக நடந்துவிடுகிறது. கோர் பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்காகத் தடித்த ஊசியால் துணுக்கு எடுப்பதில், வரும் துணுக்கு சின்னது, அதில் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணத் தீங்கற்ற கட்டியும் தீங்கற்ற ஃபிலாய்ட்ஸும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். ஃபைப்ரோஅடினோமா என்று நினைத்து வேர்க்கடலையைத் தோலிலிருந்து பிதுக்குகிற மாதிரி கட்டியை எடுத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டில் ஃபிலாய்ட்ஸ், மார்ஜின் (கட்டியைச் சுற்றி வெட்டிய ஓரம்) சுத்தமில்லை, அதாவது ஓரத்திலும் கட்டியின் செல்கள் இருக்கின்றன என்று வரும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் மார்ஜின் வேண்டும் என்ற பழைய விதிப்படி உடனே மறுபடியும் அறுவை. இன்றைக்கு அந்த விதி தளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 2007 முதல் 2017 வரை சிகிச்சை பெற்ற 550 பேரைப் பார்த்த ஆய்வில் எல்லா வகையும் சேர்த்து அதே மார்பில் திரும்பியது 3.3 சதவீதம்தான், ஒரு சென்டிமீட்டர் கட்டாயம் என்ற பிடிவாதத்துக்கு அதில் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. இப்போது அமெரிக்க வழிகாட்டுதலும் தீங்கற்ற வகைக்குக் கட்டியை எடுத்தால் போதும், குறிப்பிட்ட அளவு மார்ஜின் தேவையில்லை என்கிறது. என் கட்சியும் அதுதான்: தீங்கற்றது என்று உறுதியானால் இரண்டாம் அறுவைக்கு ஓட வேண்டாம், ஒழுங்காகக் கண்காணித்தால் போதும். இடைப்பட்ட வகைக்கும் புற்றுநோய் வகைக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது. அவற்றின் ஓரங்கள் சுற்றுத் திசுவுக்குள் விரல் நீட்டியிருக்கும், பிதுக்கி எடுத்தால் அந்த விரல்கள் உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது உண்மையான போட்டி: சுற்றுச் சதையோடு எடுப்பதா, மார்பகத்தையே எடுப்பதா? புற்றுநோய் வகை என்று காதில் விழுந்ததும் வீட்டில் எல்லாரும் சொல்வது, "மொத்தமா எடுத்துடுங்க, நிம்மதியா இருக்கலாம்." அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் எண்கள் அந்த நிம்மதிக்கு உத்தரவாதம் தரவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து புற்றுநோய் வகை ஃபிலாய்ட்ஸ் வந்த 821 பெண்களை எடுத்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்டிருந்தது, மீதிப் பேருக்குச் சுற்றுச் சதையோடு கட்டி மட்டும். இந்த நோயால் இறப்பது இரண்டாவது கூட்டத்தில் கூடவில்லை. மொத்தமாக 10 ஆண்டுகள் கழித்தும் 89 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்காமல் இருந்தார்கள்.

இதை வைத்து மார்பகத்தை எடுத்தால் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. பெரிய கட்டி, மோசமான கட்டி வந்தவர்களுக்குத்தான் முழு அறுவை அதிகம் செய்திருப்பார்கள், அதனால் இரண்டு கூட்டமும் சம நிலையில் தொடங்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை எதுவும் இல்லை, இவ்வளவு அரிதான நோயில் அதற்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. ஆனாலும் ஒன்று கவனியுங்கள், கட்டி நெஞ்சுத் தசையை ஒட்டி இருந்தால் ஆழப் பக்கத்தில் கிடைக்கும் மார்ஜின் இரண்டு அறுவையிலும் ஒன்றுதான். மேலே எவ்வளவு சதையை எடுத்தாலும் கீழே தசை அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் தசையின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்பதுதான் சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி.

முழு அறுவை ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. ஃபிலாய்ட்ஸ் சில மாதங்களிலேயே வேகமாகப் பெரிதாகும், பத்து சென்டிமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. சின்ன மார்பகத்தில் அவ்வளவு பெரிய கட்டி என்றால் நல்ல மார்ஜின் எடுத்த பிறகு மிச்சம் எதுவும் இருக்காது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறவர்களுக்கும் அப்படித்தான். அங்கே மார்பகத்தைக் காப்பாற்றப் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை, மார்பகத்தை மறுபடி உருவாக்கும் அறுவையைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுப்பது பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்: வழக்கமாகத் தேவையில்லை. இது ரத்தம் வழியாகப் போகிற நோய், போனால் பெரும்பாலும் நுரையீரலுக்கு. நிணநீர் முடிச்சுக்குப் போவது மிக அரிது. கை வீக்கம் என்ற ஆயுள் தொந்தரவைச் சும்மா வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் கதிர்வீச்சு. மார்பகத்தைக் காத்துக்கொண்டு, சுத்தமான மார்ஜினும் எடுத்து, மேலே கதிர்வீச்சும் கொடுத்தால் எப்படி? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் இடைப்பட்ட வகையும் புற்றுநோய் வகையும் கொண்ட 46 பேருக்கு இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில் ஒருவருக்குக்கூட அதே மார்பில் திரும்பவில்லை. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் அதே 46 பேரில் இருவர் நோய் வேறு உறுப்புக்குப் பரவி இறந்தார்கள். 3,120 பேரைக் கொண்ட பெரிய தரவிலும் இதே கதை. கதிர்வீச்சு கட்டி திரும்புவதைக் குறைத்தது, ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஆக, அது இன்னோர் அறுவையைத் தவிர்க்க உதவும் சிகிச்சை, உயிரைக் காக்கும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். மார்ஜின் குறுகலாகவும் மறு அறுவை கடினமாகவும் இருக்கிற புற்றுநோய் வகைக்கு நான் அதன் பக்கம் சாய்வேன், தீங்கற்றதற்குத் தேவையே இல்லை.

சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் 605 பேர் கொண்ட ஆய்வைப் பார்த்தால் படம் தெளிவாகும். 80 பேருக்குக் கட்டி திரும்பியது, நோயால் இறந்தவர்கள் 12 பேர். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மார்பகத்தை எடுக்கச் சம்மதிக்கிறார்கள். எது திரும்பும் என்று கணிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவை நான்கு: செல்களின் தோற்றம் எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, இணைப்புத் திசு மற்றதை மூழ்கடித்து வளர்ந்திருக்கிறதா, மார்ஜின் சுத்தமா. இந்த நான்கில் மூன்று கட்டியின் குணம், சர்ஜன் கையில் இருப்பது கடைசி ஒன்று மட்டுமே.

அந்த மூன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது நோயியல் மருத்துவர். தீங்கற்றதா இடைப்பட்டதா என்பதில் இரண்டு நல்ல மருத்துவர்களே ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் மார்பகத்தை எடுக்கச் சம்மதிப்பதற்கு முன், ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டுகளையும் வாங்கி, மார்பக நோயியல் அதிகம் பார்க்கும் இன்னொரு மையத்தில் காட்டிவிடுங்கள். அறுவைக்குப் பிறகு முதல் சில வருடங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, ஏனென்றால் திரும்புவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். புற்றுநோய் வகை என்றால் நெஞ்சுக்கு ஸ்கேன் எப்போது, எத்தனை முறை என்பதையும் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.