சேவைவழிக் கற்றல்: பாடத்துக்குள்ளா, தனிக் குழுவா, கடைசி ஆண்டு புராஜெக்டா?

ஒரு சமூகத்தின் உண்மையான தேவைக்கு வேலை செய்துகொண்டே பாடத்தையும் கற்பதுதான் சேவைவழிக் கற்றல். பொறியியல் இளநிலைப் படிப்பில் இப்படிச் சமூகப் பணியைச் சேர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: செமஸ்டர் முடிந்த மறுநாள், மாணவர் செய்து கொடுத்ததை யார் பார்த்துக்கொள்வது?

பாடத்துக்குள் சேர்ப்பது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் லோவல் பல்கலைக்கழகம் 2004-இல் தொடங்கிய ‘ஸ்லைஸ்’ திட்டம் இந்த வகை. புதிய பாடம் எதுவும் வராது. கட்டாயப் பாடத்தில் உள்ள பயிற்சிக் கணக்குக்குப் பதிலாக உண்மையான தேவையிலிருந்து ஒரு கணக்கு வரும். விருப்பம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேர்வதே இதன் பெரிய பலம்.

நிலையியலுக்கு (அசையாமல் நிற்கும் பொருள்களின் மீதான விசைகளைக் கணக்கிடும் பாடம்) சக்கர நாற்காலிச் சாய்தளம் நல்ல தொடக்கம். 1:12 சரிவில் (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்), 60 செ.மீ. உயர வாசலுக்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. வாசலுக்கு நேரே 3 மீட்டர்தான் இடம் என்றால், அவசரக் குழு 1:5 சரிவை வரைந்து கொண்டுவரும். அதில் நாற்காலியைத் தானே உருட்டி ஏறுவது பெரும்பாடு. இறங்கும்போது கவிழும் ஆபத்தும் உண்டு. நேரில் போய் அளந்து, பயன்படுத்துபவரிடம் பேசிய குழு, சாய்தளத்தைச் சுவரோரமாக மடித்து, திருப்பத்தில் 1.5 மீட்டர் சமதளம் விடும். பாடப்புத்தகக் கணக்கு இதைக் கற்றுத்தராது.

சறுக்கும் இடம் நிர்வாகம். 60 மாணவரை நால்வர் நால்வராகப் பிரித்தால் 15 குழுக்கள். 15 அமைப்புகளோடு ஒரே ஆசிரியர் தொடர்பில் இருக்க முடியாது. ஒரே அமைப்பின் தேவையை ஐந்து துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் மூன்று குழுக்களிடம் கொடுங்கள். விடைகள் ஒன்றோடொன்று சரிபார்க்கப்படும். பிழையான எண் வெளியே போவது குறையும்.

பல செமஸ்டர் தனிக் குழு

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் பிறந்த ‘எபிக்ஸ்’ திட்டம் இதற்கு முன்னோடி. முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பர். செமஸ்டருக்கு 1 அல்லது 2 கிரெடிட். மூத்தவர் போனாலும் வேலை நிற்காது என்பது கணக்கு. ஆனால் வரைபடம், உதிரிபாகப் பட்டியல், கைவிட்ட வடிவமைப்புக்கான காரணம் ஆகியவை எழுதப்படாவிட்டால் அடுத்த குழு தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும். கடைசி இரண்டு வாரங்களைக் கையளிப்புக்கே ஒதுக்கி, அதற்கு மதிப்பெண்ணும் வையுங்கள்.

கடைசி ஆண்டு புராஜெக்ட்

ஏற்பாடு செய்ய எளிது. மூன்றிலும் பலவீனமானதும் இதுதான். முதல் மாதிரி ஓடத் தொடங்கும்போது மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். சென்சார் பழுதானால் கூப்பிட ஆள் இல்லை. பராமரிப்பைத் துறையின் ஆய்வகம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளாத வரை இதைத் தொட வேண்டாம்.

எங்கள் பரிந்துரை: முதல் ஆண்டில் இரண்டு கட்டாயப் பாடங்களில் மட்டும் தொடங்குங்கள். அங்கிருந்து வெளியே போவது அளவீடும் கணக்கும் வரைபடமும் மட்டுமே. அவையும் ஆசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே. மோட்டார், மின்சுற்று, சுமை தாங்கும் சட்டம் எதுவானாலும் தனிக் குழுவுக்கே போகட்டும். மதிப்பெண்ணைச் சேவை செய்த மணிநேரத்துக்குத் தராதீர்கள்; அளவீடு சரியா, அனுமானங்கள் எழுதப்பட்டனவா, பயன்படுத்துபவர் சொன்னதால் வடிவமைப்பில் எது மாறியது என்று பார்த்துக் கொடுங்கள்.