நிலா நட்சத்திர சதுரத்துக்கு டேபஸ்ட்ரியா மொசைக்கா? ரெண்டையும் பின்னிப் பாத்துட்டு சொல்றேன்

தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்தப்போ வானம் மாதிரி ஒரு போர்வை குரோஷேல (கொக்கி ஊசிப் பின்னல்) பின்னித் தரணும்னு ஆசை. சூரியன், பிறை, முழு நிலா, வளையத்தோட சனி, வால் நட்சத்திரம், கார்த்திகைக் கூட்டம், இப்படி ஒவ்வொரு சதுரத்துல ஒண்ணு. சதுரம் 15 செ.மீ., அகலத்துக்கு 4 நீளத்துக்கு 5, மொத்தம் 20. கரு நீலம் பின்னணி, மஞ்சளும் கிரீமும் படத்துக்கு. நூல் காட்டன்தான், குழந்தைக்குங்கறதாலயும் நம்ம ஊர் வெயிலுக்கும் அக்ரிலிக் வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். ஆனா எந்த முறையில பின்னறதுன்னு முடிவு பண்ணத்தான் ரெண்டு மாசம் ஆச்சு, அதுவும் ஒரு தடவை தப்பா முடிவு பண்ணி, குடுத்த பொருளைத் திருப்பி வாங்கின பிறகு.

சீக்கிரம் கழிச்சுவிட்டதை முதல்ல சொல்லிடறேன். மூலைக்கு மூலை போற சி2சி பெரிய போர்வைக்கு அருமை, 15 செ.மீ.க்குள்ள கட்டம் பத்தாது, நிலா படிக்கட்டு மாதிரி வரும். நடுவுல வட்டமா ஆரம்பிச்சு சதுரமாக்கற கிரானி ஸ்கொயர் சூரியனுக்கு அவ்ளோ பொருத்தம், கதிர் கதிரா தானாவே விரியும், ஆனா பிறையும் வால் நட்சத்திரமும் அதுல எப்படி வரும்? தனியா நிலா பின்னி மேல வச்சுத் தைக்கறது பாக்க அழகு, ஆனா நாலு தடவை தொவைச்சா ஓரம் சுருங்கி நிலா மட்டும் உப்பி நிக்குது, பழைய குஷன் கவர்ல பாத்துட்டேன். இதெல்லாம் போக மிச்சம் ரெண்டு, ஓவர்லே மொசைக், டேபஸ்ட்ரி.

மொசைக்லதான் ஆரம்பிச்சேன், ஏன்னா அதுல ஒரு வரிசைக்கு ஒரே கலர்தான், ரெண்டு கலரும் வரிசைக்கு வரிசை மாறி மாறி வரும். கையில எப்பவும் ஒரே நூல், சிக்கல் கிடையாது, டிவி பாத்துக்கிட்டே போடலாம். எப்பவும் நல்ல பக்கத்துல இருந்தே பின்னணும், ஸ்டிட்சோட தலையில இருக்கற ரெண்டு லூப்ல பின் லூப்ல மட்டும் சிங்கிள் குரோஷே (குட்டை ஸ்டிட்ச்), இன்னொரு கலர் தெரியணும்னா ரெண்டு வரிசை கீழ விட்டு வச்ச முன் லூப்ல ஊசியை விட்டு ஒரு டபுள் குரோஷே (உயரமான ஸ்டிட்ச்) இறக்கணும், அது நடுவுல இருக்கற வரிசையை மறைச்சுடும். (நான் சொல்றது அமெரிக்கப் பேரு, பிரிட்டிஷ் பேட்டர்ன்ல இதே சிங்கிளை டபுள்னு எழுதியிருப்பாங்க, பேட்டர்ன் எடுத்ததும் முதல்ல அதைப் பாருங்க.) அந்த இறங்கற ஸ்டிட்ச் லேசா மேல எழும்பி நிக்கறதால எட்டு முனை நட்சத்திரம் செதுக்கி வச்ச மாதிரி இருக்கும், அந்த அழகு டேபஸ்ட்ரில வராது, ஒத்துக்கறேன். ஆனா கூரான ஒரு நுனி நாம நினைச்ச வரிசையில வராது, மஞ்சள் வரிசை வர்ற இடத்துலதான் நுனியை வைக்க முடியும், அதனால பிறையோட வளைவு, வால் நட்சத்திரத்தோட வால் எல்லாம் கொஞ்சம் கட்டை கட்டையா இருந்துச்சு. அதைக்கூட பொறுத்துக்கிட்டிருப்பேன்.

நாலு சதுரத்தை சேர்த்து மடியில போடற மாதிரி சின்னதா ஒண்ணு முதல்ல குடுத்து அனுப்பினேன். மூணாவது தொவைப்புக்கு அப்புறம் தங்கச்சி போன். "அக்கா, துணியில இருந்து நூல் நூலா வெளிய வருதுக்கா, பாப்பா கால் விரல்ல சுத்திக்கிச்சு, இப்பதான் எடுத்தேன்." எனக்குக் கை நடுங்கிடுச்சு. கைக்குழந்தை விரல்ல முடியோ நூலோ இறுக்கமா சுத்திக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு விரலுக்கே ஆபத்து வரும், சாக்ஸ், கையுறை உள்பக்கம் தொங்கற நூலை வெட்டிட்டுப் போடுங்கன்னு குழந்தை டாக்டருங்க சொல்றது இதுக்காகத்தான். நல்லவேளை, அவ உடனே பாத்துட்டா.

துணியைத் திருப்பி வாங்கிப் பாத்தேன். பின்பக்கம் பூரா நூல் முனைங்க, ஒவ்வொண்ணும் ஒரு இன்ச், அரை இன்ச் வெளிய நீட்டிக்கிட்டு. கணக்கு போட்டாத்தான் விஷயம் புரியும். ஓவர்லே மொசைக்ல ஒவ்வொரு வரிசை முடிவுலயும் நூலை வெட்டணும், மறுபடி வலது கோடியில இருந்து ஆரம்பிக்கணும், அப்போ வரிசைக்கு ரெண்டு முனை. என் சதுரத்துக்கு 30 வரிசை, அதாவது 60 முனை. 20 சதுரத்துக்கு 1,200 முனை! ஒரு முனையை ஊசியில கோத்து மறைக்க ஒரு நிமிஷம்னு வச்சா 20 மணி நேரம், பின்னல் நேரம் இல்லாம. அந்த 20 மணி நேரத்தைவிட பெரிய விஷயம் இந்த 1,200-ல எது அவுந்தாலும் குழந்தை கிட்டயே அவுரும்ங்கறதுதான். பளபளப்பு குடுத்த காட்டன் நூல் வழுக்கற நூல், கம்பளி மாதிரி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்காது, மெஷின்ல சுத்தச் சுத்த நழுவி வெளிய வரும். நான் முனையை நீளமா விடாம வெட்டினதும் தப்புதான், குறைஞ்சது 15 செ.மீ. விட்டு ஒரு பக்கம் கோத்து, திரும்பி எதிர்ப்பக்கம் கோத்து, மறுபடி முதல் பக்கம்னு மூணு தடவை திருப்பியிருக்கணும். ஆனா 60 முனைக்கு மூணு மூணு திருப்பு யாரு பொறுமையா போடுவா, 45-ஆவது முனையில நானே ஒரு திருப்போட விட்டுடுவேன்னு எனக்குத் தெரியும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. முனைகளை எல்லாம் ஓரத்துல விட்டுட்டு முன்னாடி ஒரு பட்டை, பின்னாடி ஒரு பட்டை பின்னி கவர் மாதிரி உள்ள வச்சு மூடிடறது. ஒரே துண்டா பின்னற பெரிய போர்வைக்கு அது ரொம்ப நல்ல முறை, ரெண்டு பக்க ஓரத்தோட வேலை முடிஞ்சுது. சின்னச் சின்ன சதுரத்துக்கு அது சரிவராது, ஒவ்வொரு சதுரத்தையும் சுத்தி ரெட்டைப் பட்டை, அதை அடுத்த சதுரத்தோட சேர்த்தா ஜாயிண்ட்ல மொத்தம் நாலு அடுக்கு, போர்வையை மடிக்கவே வராது.

டேபஸ்ட்ரில இந்தத் தலைவலியே இல்ல. ரெண்டு நூலும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கூடவே வரும், நீலத்துல பின்னும்போது மஞ்சளை முந்தின வரிசை தலைமேல படுக்க வச்சு அதையும் சேர்த்துப் பின்னிக்கிட்டே போகணும், அது ஸ்டிட்சுக்குள்ள ஒளிஞ்சுக்கும். பின்பக்கம் தொங்கற நூலே கிடையாது, விரல் மாட்டறதுக்கு இடமே இல்ல. சதுரத்துக்கு ஆரம்பத்துல ரெண்டு முனை, முடிவுல ரெண்டு, அவ்ளோதான், 20 சதுரத்துக்கு 80. அந்த 80-ஐயும் மூணு திருப்பு போட்டு மறைச்சேன். கொலம்பியா, வெனிசுவேலா எல்லையில குவாஹிரா பக்கம் இருக்கற வயூ இனப் பெண்கள் மொச்சிலான்னு தோள்பை பின்னுவாங்க, இதே முறைதான், தினமும் சாமான் சுமக்கற பைக்கே அந்தப் பின்னல் தாங்குதுன்னா போர்வைக்குத் தாங்காதா? அவங்க சுத்திச் சுத்தி நல்ல பக்கத்துலயே பின்னறதால டிசைன் கத்தி மாதிரி இருக்கும், நாம திருப்பித் திருப்பி பின்னும்போது அவ்ளோ கூர்மை வராது, ஒரு கை தள்ளி வச்சுப் பாத்தா சரியாயிடும்.

டேபஸ்ட்ரில குறை இல்லாம இல்ல. மஞ்சள் நிலாவுக்குள்ள ஓடற நீல நூல் இடுக்குல எட்டிப் பாக்கும், நிலாமேல அழுக்கு பட்ட மாதிரி. நான் 4 மி.மீ. ஊசியில இருந்து 3.5-க்கு இறங்கினேன், பாதிக்கு மேல சரியாச்சு. மிச்சத்துக்கு, பத்து ஸ்டிட்சுக்கு ஒரு தடவை உள்ள ஓடற நூலை லேசா இழுத்து, உடனே பின்னலை ரெண்டு பக்கமும் பிடிச்சு நீட்டி விட்டுடணும், இழுத்துட்டு அப்படியே விட்டா சதுரம் சுருங்கிடும். கலர் மாத்தறதுதான் உயிர் நாடி. பழைய கலர் ஸ்டிட்சை முடிச்சுட்டு மாத்தக்கூடாது, ஊசியில ரெண்டு லூப் இருக்கும்போதே புதுக் கலரைக் கொக்கியில மாட்டி அந்த ரெண்டு லூப் வழியாவும் இழுக்கணும், அப்பதான் அடுத்த ஸ்டிட்சோட தலை புதுக் கலர்ல சுத்தமா உக்காரும். முதல் சதுரத்துல இது தெரியாம பிறையோட ஓரம் பூரா பாதி மஞ்சள் பாதி நீலம்னு வந்துச்சு, பிரிச்சுட்டேன். வெத்து நீல வரிசையிலயும் மஞ்சளை உள்ள ஓட்டிக்கிட்டே போங்க, இல்லன்னா படம் இருக்கற இடம் தடிமனாவும் சுத்தி மெலிசாவும் இருக்கும்.

சிங்கிள் குரோஷே உயரத்தைவிட அகலம் கொஞ்சம் ஜாஸ்திங்கறதை மறந்துடாதீங்க. என் கைக்கு 10 செ.மீ.க்கு 18 ஸ்டிட்ச், 20 வரிசை. அப்போ 15 செ.மீ.க்கு 27 ஸ்டிட்ச், 30 வரிசை. சாதா கிராஃப் ஷீட்ல 27-க்கு 27-ன்னு வட்டமா வரைஞ்ச முழு நிலா பின்னி முடிச்சப்போ ஒன்றரை செ.மீ. குறைஞ்சு இட்லி மாதிரி அமுங்கி வந்துச்சு. 30 வரிசைக்கு இழுத்து வரைஞ்சதும்தான் வட்டமாச்சு.

வரையறதுன்னதும் ஞாபகம் வருது, கிடைக்கற சார்ட் எல்லாத்துலயும் பிறை நட்டுக்குத்தலா சி எழுத்து மாதிரி நிக்குது. அந்த சார்ட் போடறவங்க ஊர் வானத்துல அப்படித்தான் தெரியும், நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், மூன்றாம் பிறையை சாயங்காலம் மாடியில நின்னு பாருங்க, படகு மாதிரி சாஞ்சு மல்லாந்து கிடக்கும். பாப்பா நாளைக்கு மாடியில பாக்கப்போறது அந்தப் பிறைதானே, அதனால அந்த சார்ட்டை விட்டுட்டு நானே வரைஞ்சேன். டேபஸ்ட்ரில எந்தக் கட்டத்துல வேணும்னாலும் எந்தக் கலரும் வைக்கலாம்ங்கறதாலதான் இது முடிஞ்சுது, கார்த்திகையோட ஆறு புள்ளியும் அப்படித்தான். இடது கைக்காரங்களுக்கு ஒரு விஷயம், சார்ட்டை அப்படியே ஃபாலோ பண்ணா படம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பி வரும், சூரியனுக்குப் பரவால்ல, நட்சத்திரக் கூட்டம் இடம் வலம் மாறிடும். என் சித்தி இடது கை, அவங்களுக்கு சார்ட்டையே திருப்பி பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன்.

நூல் எவ்ளோ இழுக்குதுன்னு கேப்பீங்க. சமையல் தராசுல வச்சுப் பாத்தேன், ஒத்தைக் கலர் சதுரம் 23 கிராம், டேபஸ்ட்ரி 30, மொசைக் 32. அதனால போர்வை கனம்தான், மெல்லிசா பூ மாதிரி வேணும்னா ரெண்டுமே வேணாம். தொவைச்சு ஈரமா கொடியில தொங்க விட்டா அந்தக் கனத்துக்கே நீண்டுடும், துண்டு விரிச்சு அதுமேல படுக்க வச்சுக் காய வைக்கணும், மழைக்காலத்துல ரெண்டு நாள் ஆகுது. சாயத்தையும் முன்னாடியே பாத்துடுங்க, கரு நீல நூல்ல ஒரு முழம் எடுத்து வெந்நீர்ல நனைச்சு வெள்ளைக் கைக்குட்டைக்குள்ள வச்சு ராத்திரி பூரா அழுத்தி வைங்க. எனக்கு முதல்ல வாங்கின கண்டு கைக்குட்டையை நீலமாக்கிடுச்சு, அதைத் தொடவே இல்ல, வேற வாங்கினேன்.

இன்டார்சியா பத்தி உறுதியா சொல்ல மாட்டேன், ரெண்டே சதுரம்தான் போட்டேன். கலர் கலரா தனித்தனி குட்டி உருண்டை, உள்ள நூல் ஓடாது, அதனால மெலிசு, நீலம் எட்டிப் பாக்காது. பெரிய முழு நிலா ஒண்ணே ஒண்ணுன்னா அதுவே நல்லாருக்கும்னு தோணுது. அஞ்சு நட்சத்திரம் சிதறின சதுரத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு உருண்டை தொங்க ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன், மறுபடி முனைதான் கூடுது. ரெண்டு ரெண்டு வரிசையா ஒரே கலர்ல போற இன்செட் மொசைக்ல நூலை வெட்ட வேண்டியதே இல்ல, ஓரத்துலயே மேல ஏத்திக்கலாம்னு தெரியும், முனைப் பிரச்சினை அதுல இருக்காது, ஆனா பின்னிப் பாக்கல. சுவர்ல மாட்டற படம், குஷன் மாதிரி அடிக்கடி தொவைக்காத பொருளா இருந்தா நானே ஓவர்லே மொசைக்தான் எடுப்பேன், அந்த எழும்பி நிக்கற நட்சத்திரம் இன்னும் கண்ணுலயே இருக்கு.

போர்வை குடுத்து எட்டு மாசம் ஆச்சு, வாரம் ஒரு தடவை மெஷின்ல போடறா, இதுவரைக்கும் ஒரு முனை வெளிய வரல. ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு அப்பதான் தெரியும். என் கண்ணு இருக்கறது ஒரே ஒரு சதுரத்து மேலதான், ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டம் போட்டது. அதுல திருவாதிரை சிவப்பா இருக்கணும்னு பிடிவாதம், வானத்துல அது சிவப்புதானே. ஒரே ஒரு ஸ்டிட்சுக்காக மூணாவது நூலை உள்ள ஓட்டினா தடிச்சுடும்னு, பின்னி முடிச்ச பிறகு கிரீம் ஸ்டிட்ச் மேல சிவப்பு நூலால குறுக்குத் தையல் ரெண்டு போட்டு, முனையைப் பின்பக்கம் நீலத்துக்குள்ள மூணு தடவை திருப்பிக் கோத்தேன். ஊருக்குப் போறப்பெல்லாம் பாப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி அந்த சதுரத்தைத் திருப்பி, சிவப்பு முனை உள்ளயே இருக்கான்னு விரலால தடவிப் பாக்கறேன்.