"அவசரமில்லை, ஆறுதலாக வழக்குப் போடலாம்" என்றார்கள். எட்டு இலட்சம் போனது

எங்கள் அப்பப்பா 2003 இல், சமாதான காலத்தில், ஓர் உறுதி எழுதினார். முள்ளியவளையில் ஐந்து ஏக்கர் வயலும் வங்கியில் கிடந்த எட்டு இலட்சம் ரூபாவும் பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கு. அவர்களுக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நம்பிக்கைப் பொறுப்பாளர் பெரியப்பா. போரில் இடம்பெயர்ந்தபோது அம்மா அந்த உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, மாத்தளன் வரைக்கும் இடுப்பில் கட்டியபடி நடந்தார். மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் பிரித்துப் பார்த்தபோது முத்திரை ஒட்டிய ஓரம் ஊறிப்போயிருந்தது. எழுத்து அழியவில்லை.

மீளக்குடியேறிய பிறகு பெரியப்பா வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஒரு போகத்துக் காசும் எங்கள் கைக்கு வரவில்லை, அவர் வீட்டுக்கு மாடி வந்தது. 2016 இல் அந்த எட்டு இலட்சத்தையும் தெரிந்த கடைக்காரர் ஒருவருக்குப் பிணையில்லாமல், எழுத்தில்லாமல் கடனாகக் கொடுத்தார். சில மாதத்தில் கடை பூட்டுப்பட்டது. அந்தக் காசில் அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். கவனமில்லாமல் தொலைத்தார்.

2017 இல் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். "இது நம்பிக்கைப் பொறுப்பு, தங்கச்சி. இதுக்குக் கால எல்லையே கிடையாது, ஆறுதலாப் போடலாம்" என்றார். போகும்போதெல்லாம் ஐயாயிரம் வாங்கினார். வழக்குத் தாக்கலானது 2021 இல்.

பெரியப்பா தரப்பு முதலில் எடுத்ததே காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தைத்தான். சட்டத்தரணி எங்களுக்குச் சொன்னது பாதி உண்மை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 111 ஆம் பிரிவு மோசடியையும் வெறும் கவனக்குறைவையும் பிரித்து வைத்திருக்கிறது. பொறுப்பாளர் மோசடி செய்தால், பொறுப்புச் சொத்தை இன்னும் கையில் வைத்திருந்தால், அல்லது தன் சொந்தத் தேவைக்கு எடுத்திருந்தால், கால எல்லை குறுக்கே வராது. குத்தகைக் காசு அந்த வகை. அந்தக் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. மோசடியில்லாத வெறும் கவனக்குறைவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மற்றக் காசு வழக்குகளைப் போல மூன்று வருடம்தான். எட்டு இலட்சம் 2019 இலேயே கைவிட்டுப் போய்விட்டது. தங்கச்சி படிக்க வைத்திருந்த காசு அது. அந்தச் சட்டத்தரணியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"கால எல்லைக் கணக்கில் போர்க்காலத்தைக் கழிக்கச் சட்டம் இருக்கே" என்று சிலர் சொன்னார்கள். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உண்மைதான். ஆனால் அது போரால் நீதிமன்றம் போக முடியாமல் காணியை மற்றவரின் ஆட்சியில் விட்டவர்களுக்கு. அதற்கும் இரண்டு வருட அவகாசம்தான் தந்தார்கள், 2018 ஏப்ரலோடு முடிந்தது.

வன்னியில் இப்படிப்பட்ட உறுதிகள் எத்தனையோ வீட்டு ரங்குப்பெட்டிகளில் கிடக்கின்றன. உங்களிடமும் இருந்தால் இந்தக் கிழமையே பொறுப்பாளரிடம் கணக்குக் கேளுங்கள், திகதி போட்டு, பதிவுத் தபாலில். சொந்தக்காரர் முகம் சுளிப்பார், சரி, சுளிக்கட்டும். சட்டத்தரணியிடம் போனால் "எந்தக் காசுக்கு எந்தத் திகதியோடு காலம் முடிகிறது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அன்றைக்கே வேறொருவரைப் பாருங்கள். நாங்கள் நான்கு வருடம் அதே வாங்கில் போய் உட்கார்ந்திருந்தோம்.