கோனோடோன்ட் பொறுக்க ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்: பல வருடம் புழங்கிய பிறகு

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பக்கத்துக் கார்பனிஃபெரஸ் காலச் (பல கோடி ஆண்டுப் பழைய) சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து கோனோடோன்ட்களையும் (அழிந்துபோன, விலாங்கு போன்ற கடல் விலங்கின் நுண்ணிய பல் போன்ற புதைபடிவங்கள்) மீன் பற்களையும் பொறுக்குவது என் பொழுதுபோக்கு. அதற்காக 7 முதல் 45 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்டீரியோ ஜூம் மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருவதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஜாடைதான்.

விளம்பரத்தில் ஆயிரம் மடங்கு, இரண்டாயிரம் மடங்கு என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கோனோடோன்ட் பெரும்பாலும் 0.2 முதல் 2 மில்லிமீட்டர்தான். தேட 15 மடங்கு தாராளம், இனம் பார்க்கும்போது மட்டும் 40 தேவைப்படும். முக்கியம் லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவே கிடைக்கும் இடம். என்னுடையதில் சுமார் 10 சென்டிமீட்டர். கை தாராளமாக நுழையும். ஈரப் பிரஷ் நுனியால் ஒன்றைத் தொட்டு எடுத்து ஸ்லைடில் வைக்கலாம்.

கூடவே கொடுத்த வளைய எல்இடி விளக்கைக் கழற்றி வைத்துவிட்டேன். நேர்மேலிருந்து ஒளி விழுந்தால் பல் பளபளவென்று ஒரே வெள்ளையாகிவிடும், வரம்புகள் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக ஒரு வளைகழுத்து விளக்கை வைத்துப் பாருங்கள்: கறுப்புத் தட்டில் தேன் நிறத்தில் சீப்புப் பல் வரிசை நிமிர்ந்து நிற்கும். அந்த நிறத்திலும் தகவல் இருக்கிறது. பாறை எவ்வளவு சூடேறியது என்பதற்கேற்ப இளமஞ்சளிலிருந்து கறுப்பு வரை மாறும் என்று நிலவியலாளர் அனிடா எப்ஸ்டைன் குழு 1977-இல் அளவுகோலே போட்டுக் கொடுத்தது. எண்ணெய் தேடுபவர்களுக்கு அது கைகொடுத்தது.

ஆனால் மைக்ரோஸ்கோப் கடைசிப் படிதான். சத்து முன்னால் நடக்கும் வேலையில் இருக்கிறது. சுமார் 10 சதவீத அசெட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். பல் ஆன அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தை விட்டுவைக்கும், ஆனால் பிஹெச் 3.6-க்குக் கீழே போகாதவரைதான். அதனால் அமிலத்தின் கடுமை குறைய, ஏற்கெனவே கல்லைக் கரைத்த பழைய கரைசலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதியதோடு சேர்ப்பது வழக்கம். கல் டாலமைட்டாக (மெக்னீசியம் கலந்த வகை) இருந்தால் அசெட்டிக் அமிலத்தில் அவ்வளவு சுலபமாகக் கரையாது, ஃபார்மிக் அமிலம் வேண்டும். எதுவானாலும் வீட்டுக்குள் வேண்டாம். அடியில் தங்கிய மண்டியை 63 மைக்ரான் சல்லடையில் அலசி, சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற அடர்த்தி மிகுந்த கரைசலில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், பல் அடியில் இறங்கும். விலை அதிகம்தான், ஆனால் வடித்துக் காய்ச்சித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மண்டியில் கால்சியம் ஒட்டியிருந்தால் அந்தக் கரைசல் வெள்ளையாகத் திரிந்துவிடும், எனவே காய்ச்சி வடித்த தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே போடவும்.

இங்கிலாந்தின் லட்லோ எலும்புப் படுகையின் (மீன் செதிலும் எலும்பும் நிறைந்த பாறை அடுக்கு) பழைய சேகரிப்புப் பொடி கொஞ்சம் ஒரு நண்பர் கொடுத்தார். (அந்தப் படுகை வெளியே தெரியும் லட்ஃபோர்ட் முனையில் இப்போது சுத்தியல் தூக்கக் கூடாது.) சைலூரியன் காலத் தாடையற்ற மீனான தெலோடோன்ட்டின் செதில்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு. மேலே வழவழப்பான கிரீடம், நடுவே ஒடுங்கிய கழுத்து. பிரஷால் புரட்டினால் அடியில் ஒரு குழி: பல்லில் இருப்பது போன்ற கூழ் அறை. தோலிலேயே பல் முளைத்த உடம்பு! பொறுக்குவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கோனோடோன்ட் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. அவற்றை முதலில் விவரித்த பாண்டர் 1856-இல் மீன் பல் என்றே நினைத்தார். அந்த விலங்கின் முழு உடம்பின் பதிவு எடின்பரோவின் கிராண்டனிலிருந்து 1983-இல்தான் வெளியானது, விலாங்கு போல் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். அந்தப் பல்லின் எனாமல் போன்ற பூச்சு நம் பல்லோடு உறவில்லாமல் தனியாகத் தோன்றியது என 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. நான் அந்தக் கட்சி.

கருவியின் குறைகள்: ஃபோகஸ் திருகு நாளடைவில் தளர்ந்து, தலைப்பகுதி தானே மெல்ல இறங்குகிறது, இறுக்கம் சரிசெய்யும் வளையத்தை அவ்வப்போது முறுக்க வேண்டும். கேமராவுக்கான மூன்றாவது குழல் உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். 40 மடங்கில் ஒரு படத்தில் பல்லின் ஒரு முனை மட்டும்தான் தெளியும், பல படங்களை அடுக்கிச் சேர்த்தால்தான் உருப்படியாக வரும். அந்தக் காசில் நல்ல சல்லடை வாங்குங்கள்.