எம்35ஏ2 இராணுவ லாரிக்குக் கடைந்து வாங்கிய கியர் குமிழ்கள்: ஒரு மதிப்பீடு

அமெரிக்க இராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுப்பவர்கள், டயரையும் பேட்டரியையும் சரிசெய்த பிறகு பெரும்பாலும் கை வைப்பது கியர் தண்டின் உச்சியில் உள்ள கைப்பிடியான கியர் குமிழில்தான். ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்ற செல்லப்பெயர் கொண்ட இந்த இரண்டரை டன் வண்டியில், ஓட்டுநரின் வலக்கை ஐந்து கியர்களுக்கும் நடுவே ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். அந்தக் கைக்கு இராணுவம் கொடுத்ததோ வழுவழுப்பான, சிறிய, கறுப்பு உருண்டை ஒன்று. டெக்சாஸில் நான் வைத்திருக்கும் 1971ஆம் ஆண்டு ஏஎம் ஜெனரல் வண்டிக்கு, இங்குள்ள ஒரு சிறிய லேத் பட்டறையில் இரண்டு குமிழ்களைக் கடைந்து வாங்கினேன். பெரிய கியர் தண்டுக்கு ஒன்று, எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து, உயர் வேகம், தாழ் வேகம் என்று மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டுக்கு ஒன்று. வேலைப்பாட்டில் குறை உண்டு என்றாலும், கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்பதே என் முடிவு.

அந்தப் பட்டறையின் மேல் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. எந்த நிறம், எந்த மரம் என்று கேட்பதற்கு முன், தண்டின் நுனியை வெர்னியர் காலிப்பரால் அளந்து, மரையின் இடைவெளியை பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னார்கள். “எல்லா எம்35 வண்டிக்கும் பொருந்தும்” என்று விளம்பரம் செய்யும் கடைகள் இதைக் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டுகளில் எத்தனை இராணுவப் பணிமனைகளில் எத்தனை பேர் அந்தத் தண்டை வெட்டி, ஒட்டி, மறுபடி மரை போட்டிருப்பார்கள் என்பதை வண்டியின் எண்ணைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அமெரிக்க வண்டி என்பதால் அங்குல மரைதான் இருக்கும் என்று கொண்டாலும், அரை அங்குலத்தில் மட்டுமே அங்குலத்துக்கு 13 சுற்று கொண்ட பரு மரையும் 20 சுற்று கொண்ட நுண் மரையும் உண்டு. இன்னும் பெரிய வில்லங்கம், கார்களுக்காகச் செய்யப்பட்ட மெட்ரிக் குமிழ்களால் வருகிறது. எட்டில் மூன்று அங்குலப் பரு மரைத் தண்டின் மேல் 10 மில்லிமீட்டர் குமிழைத் திருகினால், சில சுற்று ஏறிப் பிறகு இறுகிவிடும். பொருந்திவிட்டது என்று தோன்றினாலும் உண்மையில் மரை சிதையத் தொடங்கியிருக்கும். அரை அங்குல நுண் மரைக் குமிழை 12 மில்லிமீட்டர் நுண் மரைத் தண்டில் போட்டாலோ அடிவரை சுலபமாக இறங்கி, ஓட்டும்போது கலகலவென்று ஆடும். இரண்டின் மரை இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு 0.02 மில்லிமீட்டர்தான் என்பதால், கையால் திருகிப் பார்த்து இந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பழைய விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை, அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 சுற்றுதான்.

பெரிய குமிழை வால்நட் மரத்தில், உள்ளே பித்தளை மரை வைத்துக் கேட்டேன். அலுமினியம் பார்ப்பதற்கு மிடுக்காக இருக்கும்; ஆனால் கேன்வாஸ் கூரையை மடித்துவிட்டு வெயிலில் நிறுத்தும் வண்டியில், கோடைக்காலத்தில் அதை வெறுங்கையால் தொட முடியாது. எடையும் கவனிக்க வேண்டிய விஷயம். குட்டையான தண்டு கொண்ட கார்களில் கனமான குமிழ் கியர் மாற்றத்தை மென்மையாக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த லாரியின் தண்டு நீளமானது; அதன் உச்சியில் அரைக் கிலோ உலோகத்தை ஏற்றினால், பல எரிபொருள்களில் ஓடும் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் நின்ற நிலையில் தரும் அதிர்வில் தண்டு முழுவதும் ஆடும். தேய்ந்த கியர்பெட்டியாக இருந்தால், மேடு பள்ளத்தில் கியர் தானாகக் கழன்று வருவதற்கும் அந்தப் பாரம் துணைபோகும்.

குறை என்று சொன்னது மேலே செதுக்கிய கியர் வரைபடத்தை. பட்டறையினர் தங்களிடம் வழக்கமாக உள்ள ஐந்து கியர் கார் படத்தையே பதித்து அனுப்பிவிட்டார்கள். அது வண்டியின் டேஷ்போர்டில் அறைந்துள்ள தகட்டோடு ஒத்துப்போகவில்லை. சொன்னதும் மேற்பரப்பைச் சீவி, படமே இல்லாமல் மெருகேற்றித் திருப்பி அனுப்பினார்கள், கட்டணம் கேட்கவில்லை. தகடு கண்ணெதிரே இருக்கும்போது குமிழில் படம் எதற்கு என்பதே இப்போது என் எண்ணம். டிரான்ஸ்ஃபர் கேஸ் குமிழை வேண்டுமென்றே சிறியதாக, தட்டையாகக் கடையச் சொல்லியிருந்தேன். சாலையைப் பார்த்தபடி கையை நீட்டும்போது எது எந்தத் தண்டு என்று விரலே சொல்லிவிட வேண்டும். ஓடும் வண்டியில் தவறான தண்டை இழுத்துத் தாழ் வேகப் பல்சக்கரத்தை மாட்டப் பார்ப்பது நல்லதல்ல. கம்பி வடத்தால் பாரம் இழுக்கும் வின்ச் உள்ள வண்டியில் மூன்றாவது தண்டும் உண்டு, அதற்கும் இதே யோசனை பொருந்தும். கைப்பிரேக்கின் தலையை மட்டும் அழகுக்காக மாற்றிவிடாதீர்கள். அதைத் திருகித்தான் பிரேக்கின் இறுக்கத்தைச் சரிசெய்கிறோம்.

பொருத்தும் வேலை எளிது, பழையதைக் கழற்றுவதுதான் பாடு. மரையின் மேல் அடுக்கடுக்காக இராணுவப் பெயின்ட் ஏறியிருக்கும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பெல்ட் ஸ்பேனரால் மெல்லத் திருப்பினால் பழைய குமிழ் உடையாமல் வந்துவிடும். 1980களுக்குப் பிறகு இரசாயனத் தாக்குதலைத் தாங்கும் வகைப் பெயின்ட் அடிக்கப்பட்ட வண்டியாக இருந்தால், அதைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தக்க முகக்கவசம் வேண்டும். மரையைச் சுத்தம் செய்து, முதலில் குமிழ் தளராமல் பிடிக்கும் லாக் நட்டை ஏற்றி, பிறகு குமிழைத் திருகி, வேண்டிய திசைக்குத் திருப்பி வைத்து நட்டைக் கீழிருந்து இறுக்க வேண்டும். மரை தளராமல் ஒட்டிப் பிடிக்கும் லாக்டைட் பசையில் நீலம் ஒரு சொட்டு போதும்; சிவப்பு போட்டால் பின்னால் கழற்றுவதற்குச் சூடு காட்ட வேண்டிவரும், மரக் குமிழ் அதைத் தாங்காது. பட்டறை லாக் நட்டைச் சேர்த்தே அனுப்பியிருந்தது. இன்றுவரை குமிழ் தளரவில்லை.

இதே பட்டறை கையெறிகுண்டு வடிவக் குமிழையும் விற்கிறது. அதன் கட்டம் கட்டமான மேடுகள் உள்ளங்கையை உறுத்துகின்றன. சோதனைச் சாவடியில் காவலர் எட்டிப் பார்த்தால் வீண் விளக்கம் வேறு. அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு குமிழ்களுக்குமாக 90 டாலர் ஆயிற்று. வாரம் ஒருமுறையாவது ஓட்டுபவர்களுக்கு அது நியாயமான விலை. இராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கத்தின் போட்டிகளில் அசல் தன்மைக்காக வண்டியை நிறுத்த எண்ணுபவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அவர்கள் பழைய கறுப்பு உருண்டையையே துடைத்து வைத்துக்கொள்ளலாம்.