படுவான்கரையில பில் மெசின்: நாலு வருசம் பாவிச்ச கதை

எங்களுக்கு மட்டக்களப்பு களுவாஞ்சிகுடியில பிஸ்கட், சோப்பு மொத்த யாவாரம், மோட்டார்சைக்கிள்ல ஓடர் எடுக்க ரெண்டு பெடியன்கள். 2021ல பில் புத்தகத்த விட்டுட்டு பிரிண்டர் உள்ளுக்கே இரிக்கிற அன்ட்ரொயிட் மெசின் ரெண்டு வாங்கினம். மெசின்ல குறையில்ல, எங்களப் படாதபாடு படுத்தினது அதில ஓடுற அப்தான்.

முதல் செஞ்சு தந்தது பிரவுசர்ல ஓடுறது. சாமான்ட விலை, கடைக்காரர்ட பாக்கி எல்லாம் எங்கயோ கிடக்கிற சேர்வர்ல, மெசின் வெறும் கண்ணாடி மாதிரி. விலைய மாத்தினா உடனே எல்லாத்திலயும் மாறும், அது வசதிதான், மெயின் ரோட்டுக் கடைகள்ல சோக்கா ஓடிச்சு. குருமண்வெளியில பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறி, வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைக்கு, மண்டூர்ப் பக்கம் போய் உள்ளுக்க இறங்கினா சிக்னல் ஒரு கோடு, வட்டம் சுத்துறதப் பாத்துக்கொண்டு நிக்கணும். ஒருநாள் பெடியன் சேவ் அமத்த பில் சேர்வருக்குப் போய்ச் சேந்திட்டு, ஆனா சேந்ததெண்ட பதில் திரும்பி வரல்ல, இவன் திரும்ப அமத்த ரெண்டு பில்லு. மாசக்கடைசில காசுக்குப் போனா கடைக்கார அம்மா, "என்ன மனே, ஒரு பெட்டி சோப்புக்கு ரெண்டு தரம் காசா?" எண்டு கேட்டா பாருங்க, மானம் போச்சு. 2022 மார்ச் கடைசில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப இந்தக் கரையிலயும் சிக்னல் இல்லாமப் போய் பழைய பில் புத்தகத்தத் தூசி தட்டி எடுத்தம்.

பிறகு டவுன்ல தெரிஞ்ச தம்பி ஒராளப் பிடிச்சு திரும்ப எழுதினம். இப்ப மெசினுக்குள்ளயே எஸ்கியூலைட் எண்ட சின்னத் தரவுத்தளம், பில் அங்கயே பிறந்து அங்கயே பிரிண்டாகி வரிசையில நிக்கும், சிக்னல் கிடைச்சா போகும். ஒவ்வொரு பில்லுக்கும் மெசினே நீட்டு நம்பர் ஒண்டு போடுது, அதே நம்பர் ரெண்டாந்தரம் வந்தா சேர்வர் கணக்கில எடுக்காது. ரெண்டு மெசினும் ஒரே பில் நம்பர அடிக்காம இருக்க ஏ ஒண்டு, பி ஒண்டு எண்டு முன்னெழுத்து வேற.

தலையிடி முடிஞ்சிது எண்டு நினைக்காதீங்க. விலை தாறுமாறா ஏறின அந்த நேரம் ஒருத்தன் பழைய விலைக்கே நாள் முழுக்க வித்திட்டு வந்தான், நட்டம் எங்கட தலைல. இப்ப காலம கடை வைஃபைல விலைய இறக்காட்டி பில்லே திறக்காது. ஸ்டொக் அதவிட மோசம், மிச்சம் 40 எண்டு மெசின் அனுப்பினா பிந்தி வாறது முந்தி வந்ததோட கணக்க அழிச்சிடும், அதால இத்தின வித்தன் எண்டு மட்டும் அனுப்ப வச்சம். கடைசிப் பெட்டிய ரெண்டு பேரும் விக்காம இருக்க விடியவே ஆளுக்கு இவ்வளவு எண்டு பிரிச்சுக் குடுக்கிறம்.

ஒரே கட்டிடத்துக்குள்ள ஹோட்டல் நடத்துறவங்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேணாம், உள்ளுக்கே ஒரு சின்னச் சேர்வரும் ரவுட்டரும் காணும், அதுக்கு யூபிஎஸ் போடுங்க.

ஒரு விசயம் மட்டும் எந்த அப்பாலயும் சரிவரல்ல. வெக்கைக்கு அந்த ரோல் பேப்பர் எழுத்து அழிஞ்சு போகுது, கடைக்காரர் வெள்ளைத் துண்டத் தூக்கிக் காட்டி எங்க பாக்கி எண்டு கேக்கிறாங்க. அதால கடன் பில் மட்டும் இன்னும் காபன் புத்தகத்துலதான்.